கரண்ட் போனா மீன் சாகுமா? களனிக் கரையிலிருந்து ஒரு சின்ன வரலாறு

2022 மார்ச் 31. நாடு முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு. அன்றைக்கு இரவு மிரிஹானையில் என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். அதைப் பத்தி கட்டுரை, புத்தகம், ஆவணப்படம்னு நிறையவே வந்தாச்சு. அந்த மாதங்கள்ல எங்க பக்கத்து லயங்கள்ல நடந்த ஒரு வேலையைப் பத்தி யாரும் எழுதல. குப்பி லாம்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு கோப்பையால மீன் தொட்டித் தண்ணியை அள்ளி, ஓரடி உயரத்திலிருந்து அதே தொட்டிக்குள்ள ஊத்துற வேலை. கொஞ்சம் விட்டு மறுபடியும். தொட்டிக்குள்ள நாலு தங்கமீன், வாயை மேல வச்சுக்கிட்டு.

“அரிசிக்கே வழியில்லாதப்போ மீனுக்கு என்ன?” என்று கேக்கிறவங்க இருக்காங்க. நியாயமான கேள்விதான். ஆனா கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்தக் கோப்பை வேற கேள்விகளைக் கொண்டு வந்தது. கரண்ட் இல்லாம மீன் தொட்டியே இருக்க முடியாதா? கரண்ட் வர்றதுக்கு முந்தி மனுஷங்க மீன் வளர்க்கலையா? முக்கியமா, இந்த நாட்டுக்கே தண்ணியிலிருந்து கரண்ட் குடுத்த மலையில இருக்கிறவங்களுக்கு அந்தக் கரண்ட் எப்ப வந்தது? மூணு கேள்வியும் ஒரே கேள்வி மாதிரித்தான் எங்களுக்குப் படுது.

முதல்ல பழைய கதை. கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வச்சு ஒழுங்கா ஆராய்ச்சி செஞ்ச ஆரம்பகால ஆட்களில் ஒருத்தர் ஜான் வில்ப்ரூ பவர் என்ற பிரெஞ்சுப் பெண். 1832-ல் சிசிலித் தீவின் மெசினாவில், ஆர்கொனோட் என்ற கணவாய் வகை உயிரியைக் கவனிக்கிறதுக்காக அவர் கண்ணாடித் தொட்டி செஞ்சார். அது தன் ஓட்டைத் தானே உண்டாக்குது, வேற உயிரிக்கிட்டயிருந்து திருடலன்னு நிரூபிச்சவரும் அவர்தான். அவர் பேருல ‘பவர்’ இருந்தது, தொட்டியில பவர் இல்ல! (அது கணவரோட குடும்பப் பெயர்.) 1850-ல் லண்டன்ல ரொபர்ட் வோரிங்டன் என்ற இரசாயனவியலாளர் இன்னொரு பரிசோதனையைச் சொன்னார். ரெண்டு தங்கமீன், வலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி, அழுகின இலையைத் தின்ன கொஞ்சம் நத்தை. தண்ணி மாத்தாமலே மாதக்கணக்கா ஓடிச்சு. செடி ஒட்சிசன் குடுக்குது, மீன் காபனீரொட்சைட்டு குடுக்குது, நத்தை குப்பை அள்ளுதுன்னு கணக்கு. 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலை ‘மீன் வீடு’ திறந்தது. அடுத்த வருஷம் பிலிப் ஹென்றி கொஸ் எழுதின புத்தகத்தால ‘அக்குவாரியம்’ என்ற சொல்லே ஊரெல்லாம் பரவிச்சு. இதெல்லாம் வீட்டு மின்சாரம் வர்றதுக்குப் பல பத்து வருஷம் முந்தி. குளிர் நாட்டுல வெப்பவலய மீன் வளர்த்தவங்க தொட்டிக்கு அடியில கற்பலகை வச்சு, அதுக்குக் கீழ எண்ணெய் விளக்கோ காஸ் அடுப்போ எரிச்சு சூடு காட்டியிருக்காங்க. பம்ப் இல்ல, பில்டர் இல்ல.

வோரிங்டனோட கணக்கு அழகா இருந்ததால நூறு வருஷம் எல்லாரும் அதை நம்பினாங்க. ‘சமநிலைத் தொட்டி’ன்னு அதுக்குப் பேரு. 1949-ல் நியூயோர்க் மீன் காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் அட்ஸ் அதை ஒரு கட்டுக்கதைன்னு எழுதினார். தொட்டி மீன் உயிரோட இருக்கிறது செடியாலன்னு சொல்றதைவிட தண்ணியோட மேற்பரப்பாலன்னு சொல்றதுதான் சரி. காத்திலிருந்து ஒட்சிசன் உள்ள போறதும், காபனீரொட்சைட்டு வெளிய போறதும் அந்த மேல்தோல் வழியாத்தான். எயார் பம்ப் விடுற குமிழியால கிடைக்கிற ஒட்சிசனும் கொஞ்சம்தான். குமிழி மேல வந்து வெடிச்சுத் தண்ணியைக் கலக்கி விடுறதுதான் அதோட பெரிய உதவி. அடித் தண்ணி மேல வரும், காத்தைத் தொடும், திரும்பக் கீழ போகும். செடி பகல்ல ஒட்சிசன் குடுத்தாலும் ராத்திரி அதுவும் மூச்சு விடுது, மீனோட போட்டி போடுது. அதனாலதான் செடி நிறைஞ்ச தொட்டியிலயும் விடியற நேரத்துல மீன் மேல வந்து வாயைப் பிளக்குது. கோப்பையால அள்ளி ஊத்தினவங்க அட்ஸைப் படிச்சிருக்க மாட்டாங்க. ஆனா அவங்க செஞ்சது அவர் சொன்னதுதான்.

இங்க தமிழ்ப் பக்கத்துக்கு ஒரு தடவை போயிட்டு வரணும். 1791-ல் தரங்கம்பாடியில், டேனிஷ்காரங்க ஆண்ட காலத்துல, டால்டோர்ஃப் என்ற அதிகாரி பனைமரத்துப் பட்டை வெடிப்புல ஒரு மீனைப் பிடிச்சதா எழுதினார். அந்தக் குறிப்பு 1797-ல் லண்டன் லினேயன் சங்கத்துல வெளியாகி ஐரோப்பா முழுக்கப் பேச்சாச்சு. நம்ம ஆளுங்களுக்கு அதுல ஆச்சரியம் ஒண்ணும் இருந்திருக்காது, மீனோட பேரே பனையேறிக் கெண்டை. அது உண்மையிலேயே பனை ஏறுமா என்ற சண்டை பிறகு ரொம்ப நாள் நடந்தது. எங்களுக்கு முக்கியம் வேற விஷயம்: அந்த மீனால தண்ணிக்கு வெளிய உசிரோட இருக்க முடியும். செவுளுக்கு மேல மடிப்பு மடிப்பா ஒரு உறுப்பு இருக்கு, அதால நேரா காத்தைச் சுவாசிக்கும். கவுராமி, பைட்டர் மீன் எல்லாம் அதே கூட்டம். 1869-ல் சீனாவிலிருந்து பாரிசுக்கு சொர்க்க மீன் என்ற சின்ன மீன் கப்பல்ல வந்து சேர்ந்து, பியேர் கார்பொனியே என்பவர் அதை வளர்த்துக் குஞ்சு எடுத்தார். ஐரோப்பாவுக்கு வந்த முதல் வெப்பவலய அலங்கார மீன்கள்ல அது ஒண்ணு. அவ்வளவு நீண்ட பயணத்துல உசிரோட போய்ச் சேர அந்தக் காத்துச் சுவாசம் எவ்வளவு உதவியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கரண்ட் இல்லாத காலத்து மீன் தொட்டி வரலாறு பெருசா இந்த மாதிரி மீன்களோட வரலாறுதான்.

இப்ப சப்ரகமுவவுக்கு வருவோம். மலையகம்னா நுவரெலியா, ஹட்டன் மட்டும்தான்னு நெனைக்கிறவங்களுக்கு: யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹிஓவிட்ட, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை பக்கமும் லயம் இருக்கு, தேயிலையும் இறப்பரும் இருக்கு, நாங்களும் இருக்கோம். எங்க ஓடைகள்ல பலதும் களனி, களு கங்கைகளுக்குப் போற ஓடைகள். உலகத்துல எங்க மீன் கடைக்குப் போனாலும் ‘செரி பார்ப்’ என்ற சின்னச் சிவப்பு மீன் இருக்கும். அதோட சொந்த ஊர் இலங்கையின் ஈரவலயக் காட்டு ஓடைகள், களனிப் படுகை உட்பட. 1929-ல் அதுக்கு விஞ்ஞானப் பேர் வச்சவர் பி.ஈ.பி. தெரணியகல. (எங்க தெரணியகலை ஊரும் அதே பேர். அந்த ஊர்ப் பேரைப் புத்தகத்துல பார்க்கிற சந்தோஷத்துக்காகவே இதைச் சொல்றோம்.) சிங்களத்துல அது ‘லே தித்தயா’, லே-ன்னா இரத்தம். இன்னொண்ணு ‘பிளாக் ரூபி’. ஆண் மீன் இனப்பெருக்க நேரத்துல தலைப் பக்கம் செக்கச் செவேல்னு மாறும், சிங்களத்துல ‘புலத் ஹப்பயா’, அதாவது வெத்தலை மெல்லுறவன். எங்க தாத்தாமார் வாயைப் பார்த்தவங்களுக்கு இந்தப் பேரோட அருமை புரியும். ஹல் மரத்துப் பூவை ஞாபகப்படுத்துற பேரோட ஒரு மீனும் இருக்கு, ‘ஹல்மல் தண்டியா’. தொட்டிக்குள்ள நடுற கிரிப்டோகொரின் செடிகள்லயும் பல வகை இலங்கைக்கே உரியது. நிழல் ஓடையில மெல்ல வளர்ற செடி, பெரிய வெளிச்சம் கேக்காது.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்த மீன்கள் பெட்டி பெட்டியா ஏற்றுமதியாச்சு. கடல் மூழ்காளரா பேரெடுத்த ரொட்னி ஜொங்க்ளாஸ் இந்தத் தொழிலோட முன்னோடிகள்ல ஒருத்தர். ஓடையில மீன் பிடிச்சுக் குடுத்த கிராமத்து ஆட்கள் பேரு எதுலயும் இல்ல. கேகாலை மாவட்டம் கலப்பிட்டமடை பக்கத்து ஒரு சின்ன ஓடையில, இறப்பரும் வயலும் நடுவுல, இன்னொரு மீன் இருக்குன்னு 1991-ல்தான் விஞ்ஞானம் பேர் வச்சது: பந்துல பார்ப். இன்றைக்கு அது அழிவின் விளிம்பில் இருக்கிற இனங்களோட பட்டியல்ல இருக்கு. அந்த ஓடைக்குப் பாதுகாப்புக் காடு கிடையாது, விவசாயம் செய்ற மக்களோட நிலம் வழியாத்தான் ஓடுது.

அந்த ஓடைகளோட தண்ணி இன்னொரு வேலையும் செஞ்சது.

இலங்கையில மின்சாரம் முதல்ல எரிஞ்சது 1895-ல், கொழும்பு பிரிஸ்டல் ஹோட்டல்ல. 1912-ல் டி.ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் நுவரெலியா நகரத்துக்கு பிளாக்பூல்ல ஒரு சின்ன நீர்மின் நிலையம் கட்டினார். 1918-ல் லக்ஷபானத் தண்ணியிலிருந்து நாட்டுக்கே கரண்ட் எடுக்கலாம்னு கணக்குப் போட்டுக் கட்டுரை வாசிச்சார். நிலக்கரி இறக்குமதி செஞ்சு லாபம் பார்த்தவங்களுக்கும் காலனி அரசாங்கத்துக்கும் அது ருசிக்கல. வேலை தொடங்குறதும் நிக்கிறதுமா கிடந்துச்சு. 1931-ல் சர்வஜன வாக்குரிமையோட வந்த முதல் அரசாங்க சபைத் தேர்தல்ல அவர் எங்க இரத்தினபுரியில போட்டியிட்டு ஜெயிச்சு உள்ள போனார். அங்கயும் அதே லக்ஷபான பேச்சு. கடைசியா நிலையம் திறந்தது 1950-ல், அவர் 1953-ல் செத்துப் போனார். பிறகு காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் 60-களில் வந்துச்சு. மவுசாகலைக்குள்ள பழைய மஸ்கெலியா டவுனே முழுகிப் போச்சு. வறட்சி வந்து தண்ணி இறங்கினா பழைய கோயில் தலை காட்டும், படம் எடுக்க ஆள் போகும். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் டர்பைன்களைச் சுத்தி முடிச்சுக் கித்துல்கலைப் பக்கம் ஒண்ணு சேர்ந்து களனியா எங்க பக்கம் வருது. இரத்தினபுரி மாவட்டத்துல 1992-ல் சமனலவெவ வந்துச்சு, 120 மெகாவாட்.

தேயிலைத் தோட்டத்துக்கு மின்சாரம் புதுசில்ல என்கிறதும் உண்மை. தேசிய கம்பி வர்றதுக்கு முந்தியே நூற்றுக்கணக்கான தோட்டங்கள்ல ஓடையைத் திருப்பி, குழாய்ல இறக்கி, சக்கரம் சுத்தி பெக்டரி ஓட்டினாங்க. அந்த டைனமோவிலிருந்து துரை பங்களாவுக்கு ஒரு கம்பி போகும். லயத்துக்குப் போகாது. 60-களில் தேசிய மின்சாரம் மலிவா பெக்டரிக்கு வந்ததும் பழைய சக்கரங்களைக் கைவிட்டுட்டாங்க, சிலது இன்றைக்கும் காட்டுக்குள்ள துருப்பிடிச்சுக் கிடக்கு. அப்பவும் லயத்துக்குள்ள குப்பி லாம்புதான். உயரழுத்தக் கம்பி கொழுந்து மலைக்கு மேலால ‘ம்ம்ம்’னு சத்தம் போட்டுக்கிட்டு கொழும்புக்குப் போகும், அதுக்குக் கீழ பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுல புகை.

ஏன் அப்படின்னு கேட்டா செலவு, மலைச்சரிவு, லயம் யாருக்குச் சொந்தம்னு பல காரணம் சொல்வாங்க. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சரி. எங்க கணிப்புல பெரிய காரணம் வேற. 1948-ல் குடியுரிமைச் சட்டம், 1949-ல் வாக்குரிமையும் போச்சு. லக்ஷபான திறந்தது அதுக்கு அடுத்த வருஷம். வாக்கில்லாத ஆளு வீட்டு வாசல்ல கம்பம் நட எந்த எம்.பி. வருவார்? நாடற்றவங்க என்ற கணக்கை முடிக்க 2003 வரைக்கும் சட்டம் போட வேண்டியிருந்தது. லயங்களுக்கு லைட் ஒழுங்கா வரத் தொடங்கினதும் வாக்கு திரும்பி வந்த காலமும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி இருக்கிறது தற்செயல்னு எங்களால நம்ப முடியல.

அதனால எங்க பெரியவங்க வளர்த்த மீன் எல்லாம் கரண்ட் தெரியாத மீன். ஹோர்லிக்ஸ் போத்தல், சிமெந்துத் தொட்டி, ஒடைஞ்ச பேசின், உள்ள இருந்தது கப்பி. குப்பி லாம்பும் கப்பி மீனும்னு எங்க வீட்டுல ஒரு பகிடி உண்டு. கப்பி தென் அமெரிக்கப் பக்கத்து மீன். நுளம்புக் குடம்பியைத் தின்னும்னு மலேரியாவுக்காகக் காலனி காலத்துல கொண்டு வந்து விட்டது. அந்த மலேரியா சாதாரணமானது இல்ல. 1934-ல் தென்மேல் பருவமழை பொய்ச்சு ஆறுகள் வத்தி, களனி, மகா ஓயாப் பக்கமெல்லாம் மணல்ல குட்டை குட்டையா தண்ணி தேங்கிச்சு. ஓடுற தண்ணியில முட்டை போடாத நுளம்பு குட்டையில போட்டுச்சு. 1934-35 கொள்ளைநோய்ல சுமார் 80,000 பேர் செத்தாங்க. ரொம்ப மோசமா அடிபட்ட மாவட்டம் கேகாலை. இடதுசாரி இளைஞர்கள் மருந்தும் பருப்பும் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போனாங்க. என்.எம். பெரேராவுக்கு ‘பருப்பு மாத்தயா’ன்னு பட்டப்பேர் வந்தது அப்பதான், 1936-ல் அவர் ருவன்வெல்லையில ஜெயிச்சதும் அந்த வேலையாலதான்னு சொல்வாங்க. ஆறு ஓடாம நின்னா என்னென்ன நடக்கும்னு எங்க மாவட்டத்துக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடுன்னு அறிவிச்சது. கப்பி மட்டும் கான்லயும் ஓடையிலயும் மிச்சம் இருக்கு. நாட்டு மீன் குஞ்சுகளுக்கு அது இப்ப ஒரு தொல்லை.

கப்பி ஏன் போத்தல்ல பிழைக்குதுன்னா, அதோட வாய் மேல் நோக்கி இருக்கு. தண்ணியில ஒட்சிசன் குறைஞ்சா காத்தைத் தொடுற அந்த மெல்லிய மேல்படலத் தண்ணியை மட்டும் உறிஞ்சும். தங்கமீன் பெரிய உடம்பு, நிறைய அழுக்கு, நிறைய மூச்சு. லயத்துக்குக் கரண்ட் வந்து, டவுன்ல மீன் கடை வந்து, தீபாவளிக்குக் கண்ணாடித் தொட்டியும் தங்கமீனும் வாங்கினப்போ, நாம மீனை மட்டும் வாங்கல. 24 மணித்தியாலமும் கரண்ட் இருக்கும் என்ற நம்பிக்கையையும் சேர்த்து வாங்கினோம்.

அந்த நம்பிக்கை பல தடவை ஏமாத்திச்சு. 1996-ல் வறட்சி, நீர்மின்சாரத்தையே நம்பின நாடு இருட்டாச்சு. 2001-2002-ல் திரும்பவும். 2020 ஆகஸ்ட் 17-ல் கெரவலப்பிட்டியில் நடந்த பிழையால நாடு முழுக்கப் போச்சு. 2022-ல் தண்ணியும் குறைவு, எரிபொருள் வாங்க டொலரும் இல்ல. ‘நீங்க எந்த குரூப்?’னு கேட்டா A-யிலிருந்து W வரைக்கும் எழுத்து சொல்லுவோம், அது இரத்த குரூப் இல்ல, மின்வெட்டு குரூப். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்துல ஒரு குரங்கு. உலகமே சிரிச்சது.

2022-ல் மீன் வளர்ப்பு பத்தின ஆலோசனைகள் நிறைய சுத்திச்சு. முக்கால்வாசி ‘ஒரு இன்வர்ட்டர் வாங்குங்க’ என்ற ரகம். நாள் சம்பளம் 1,000 ரூபா, அதுவும் கொழுந்து நிறை சரியா வந்தா. அந்த வருஷம் ஆகஸ்ட்ல மண்ணெண்ணெய் லீட்டர் 87-லிருந்து 340-க்குப் போச்சு. இன்வர்ட்டரா? அதனால இங்க வேற வழிகள் வந்துச்சு, இல்ல, பழைய வழிகள் திரும்பி வந்துச்சு. பழைய டயர் டியூபை சைக்கிள் பம்பால ஊதி, வால்வுல மெல்லிய குழாய் செருகி, கிளிப் போட்டு இறுக்கி, எயார் ஸ்டோனுக்கு விட்டவங்களைப் பார்த்தோம். ஒரு தடவை ஊதினா கொஞ்ச நேரம் குமிழி வரும். சிலர் வாளியை உத்தரத்துல தொங்கவிட்டு சேலைன் டியூபால தொட்டிக்குள்ள சொட்டுச் சொட்டா இறக்கினாங்க. சொட்டு விழுற ஒவ்வொரு தடவையும் மேற்பரப்பு உடையும், அதுதான் வேணும். கீழ நிறையிறதை அள்ளித் திரும்ப வாளிக்கு ஊத்தணும், அதுக்கு வீட்டுல ஒரு சின்னப் பிள்ளை கட்டாயம் தேவை. த்ரீவீல் வச்சிருக்கிறவங்க பழைய பெட்டரியில சின்ன மோட்டர் ஓட்டினாங்க. போனுக்கு வாங்கின பவர் பேங்க்ல ஓடுற சின்ன எயார் பம்பும் வந்துச்சு. போனா மீனா என்ற சண்டையும் வந்துச்சு, ஒன்லைன் வகுப்பு இருந்த காலம் அது.

இதெல்லாத்தையும் விடப் பலன் குடுத்தது ஒரு சோம்பேறி வேலை: தீனி போடாம இருக்கிறது. சாப்பிட்ட மீன் கூட மூச்சு விடும், கழிவு போடும். மிச்சத் தீனி அழுகி இருக்கிற ஒட்சிசனையும் தின்னும். வளர்ந்த மீன் ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆகாது. ‘ஐயோ பாவம், இருட்டுல பசிச்சிருக்கும்’னு ரெண்டு கை போட்டவங்க தொட்டிதான் முதல்ல நாறிச்சு. அடுத்தது சூடு. 20 பாகையில ஒரு லீட்டர் தண்ணி சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில ஏழரை. நுவரெலியாக்காரர் தொட்டிக்கும் இரத்தினபுரிக்காரர் தொட்டிக்கும் மின்வெட்டு ஒண்ணா இருந்தாலும் அவகாசம் ஒண்ணில்ல. தகரக் கூரைக்குக் கீழ, மார்ச் மாத வெயில்ல, தொட்டியை எங்க வைக்கிறோம்கிறது பம்பை விடப் பெருசு. தொட்டியோட வடிவமும் அப்படித்தான். கடையில ஒசரமா ஒடுக்கமா அழகா நிக்கிற தொட்டியை விட, சாயம் போன அகலப் பேசின் அந்தப் 13 மணித்தியாலத்துக்கு மேல். மேற்பரப்பு அதுல கூட. மீன் கடையிலிருந்து வாங்கின ரெஜிபோம் பெட்டியும் நல்லது, சூடு சீக்கிரம் ஏறாது.

கரண்ட் திரும்பி வர்ற நேரம்தான் உண்மையில ஆபத்தான நேரம், இதை அப்ப நிறையப் பேர் கவனிக்கல. பில்டர் பஞ்சுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பக்டீரியா குடியிருக்கு, மீனோட அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாத்துறது அதுதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் மண்ணுல கண்டுபிடிச்ச அதே விஷயம். அதுக்கும் ஒட்சிசன் வேணும். பம்ப் நின்னு பல மணித்தியாலம் மூடின பில்டருக்குள்ள தண்ணி தேங்கினா அது சாகத் தொடங்கும், உள்ள அழுகல் நடக்கும். லைட் வந்த சந்தோஷத்துல அப்படியே சுவிட்ச் போட்டா அந்த அழுக்கு முழுக்கத் தொட்டிக்குள்ள. ராத்திரி முழுக்க முழிச்சு மீனைக் காப்பாத்தி, காலையில லைட் வந்த பிறகு சாகக் குடுத்த வீடுகள் உண்டு. பஞ்சைக் கழற்றி தொட்டித் தண்ணியிலேயே அலசிட்டுப் போடணும், குளோரின் போட்ட பைப் தண்ணியில அலசக் கூடாது. எங்க பீலித் தண்ணியில குளோரின் கிடையாது, அந்த ஒரு விஷயத்துல நாங்க கொழும்பை விட வசதி. இன்னொரு சின்ன விஷயம்: எயார் பம்பைத் தொட்டித் தண்ணி மட்டத்துக்குக் கீழ வச்சிருந்தா, கரண்ட் போனதும் குழாய் வழியாத் தண்ணி பின்னால இறங்கி பம்புக்குள்ளயும் தரைக்கும் வரும். மேல ஒரு ஆணியில மாட்டினா முடிஞ்சுது.

‘கரண்ட் இல்லாத அந்தக் காலமே நல்லது’ன்னு யாராவது இந்தக் கட்டுரையை வச்சு சொல்ல வந்தா நாங்க ஒத்துக்க மாட்டோம். ஹோர்லிக்ஸ் போத்தல்ல செத்த மீனுக்குக் கணக்கில்ல. குப்பி லாம்பு கவிழ்ந்து எரிஞ்ச லயத்துக் கதை எல்லாத் தோட்டத்துலயும் இருக்கு.

எங்க மாவட்டங்கள்ல இன்னொரு மின்சாரமும் இருந்தது, அதைச் சொல்லாம விட முடியாது. 90-களிலிருந்து கேகாலை, இரத்தினபுரி மலைக் கிராமங்கள்ல ஜனங்க சங்கம் சேர்ந்து, மண் வெட்டி, குழாய் தூக்கி, ஓடைத் தண்ணியில சின்ன நீர்மின் நிலையம் போட்டாங்க. துரைமார் காலத்து அதே நுட்பம்தான், இந்தத் தடவை கம்பி வீடுகளுக்குப் போச்சு. ஒரு வீட்டுக்குச் சில பல்பும் ஒரு டிவியும் எரியிற அளவு, ஒரு எயார் பம்புக்குத் தாராளம். தேசிய கம்பி வந்ததும் பலது நின்னு போச்சு. அந்த நிலையங்களுக்கும் ஒரு பருவம் உண்டு. தை பிறந்து பங்குனி வரைக்கும் ஓடை மெலியும், பல்பு மங்கும், ராத்திரி ஏழு மணிக்கு மேல சங்கத்துல முறை போட்டுத்தான் பாவிக்கணும். காசல்ரீயும் மவுசாகலையும் இறங்குறதும் அந்த மாதங்கள்லதான். அந்த நாட்கள்ல ஓடைப் பக்கம் போனா, பாறைக்கு நடுவுல மிஞ்சின குட்டையில வெத்தலை மெல்லுறவன் கூட்டம் நெருக்கியடிச்சு நிக்கும், எல்லா வாயும் மேல.